கானாற்றுக் கணக்கு

பாலாற்றைப் பற்றி வேலூர்ப் பக்கம் யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு சீக்கிரமே மாநில எல்லைக்குப் போய்விடும். 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம், குப்பம் பகுதியில் ஆந்திரம் கட்டிய 22 தடுப்பணைகள், 2006-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 2016-இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரம் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தப்பட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த மனக்குறைகள் நியாயமானவை. இவற்றை எழுப்பாமல் பாலாற்றைப் பேச முடியாது. ஆனால் இந்தப் பேச்சின் வேகத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில். இந்த 222 கிலோமீட்டரில் ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வரைபடத்தை விரித்தால் விடை இரு கரைகளிலும் தெரியும். வடக்கே மைசூர்ப் பீடபூமியின் விளிம்பிலிருந்து மலட்டாறு, கௌண்டன்யா, பொன்னை ஆகியவை இறங்குகின்றன. தெற்கே ஜவ்வாது மலையிலிருந்து அகரம் ஆறும், வெகுதூரம் சுற்றிப் போய்ச் செய்யாறும் வருகின்றன. இவற்றுக்கு இடையே பெயர் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததுமாக நூற்றுக்கணக்கான ஓடைகள். இந்தப் பக்கத்து மக்கள் இவற்றைக் கானாறு என்பார்கள். மழை பெய்த இரவில் மண் நிறத்தில் இரைந்து வந்து, சில நாளில் மணலுக்குள் போய்விடும் ஆறுகள் இவை. பள்ளிப் பாடத்தில் இடம் பெறாதவை. ஆனால் தமிழ்நாட்டுப் பாலாறு என்பது பெரும்பாலும் இந்தக் கானாறுகளின் கூட்டுத்தொகைதான். 2021 நவம்பர் 19-இல் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வெள்ளம் போனபோது, அந்த நீரில் பெரும் பங்கு பொன்னையும் மற்றக் கிளையாறுகளும் கொண்டுவந்து சேர்த்தது. மேல் மாநிலம் திறந்துவிட்டால்தான் பாலாறு என்று எண்ணிப் பழகிய நமக்கு அந்த ஒரு நாள் வேறொரு பாடம் சொன்னது.

அந்தக் கூட்டுத்தொகையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். குடியாத்தத்தின் நடுவே ஓடும் கௌண்டன்யா. அரசுக் கோப்பிலும் செய்தித்தாளிலும் கவுண்டன்ய மகாநதி. கௌண்டின்ய முனிவரின் பெயரால் அமைந்தது என்பது மரபு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றை மகாநதி என்று அழைப்பதில் முரண் இருப்பதாக வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். வெள்ளம் பார்த்தவருக்குத் தோன்றாது.

ஆற்றின் பிறப்பிடம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பலமநேரைச் சுற்றியுள்ள மேட்டு நிலம். பலமநேர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீட்டரில் இருக்கிறது. குடியாத்தம் சுமார் 300 மீட்டரில். இவ்விரண்டுக்கும் இடையில்தான் மைசூர்ப் பீடபூமி முடிந்து தமிழகச் சமவெளி தொடங்குகிறது. பீடபூமி சரிவாகத் தேய்ந்து முடிவதில்லை. படி உடைந்ததுபோல் மடிந்து மடிந்து இறங்குகிறது. பழைய நைஸ் பாறையும் அதைச் சேர்ந்த கடினப் பாறைகளும் குன்றுகளாக நிற்க, அவற்றுக்கு இடையிலுள்ள பலவீனமான கோடுகளைத் தேடி நீர் அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. ஆழமான பள்ளத்தாக்குகள், உருண்டைப் பாறைகள் அடைத்த ஓடைகள், மேலே மெல்லிய மண். பலமநேர் வட்டாரத்தில் கைகல் அருவி விழும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விளிம்பு எவ்வளவு திடீரென்று முடிகிறது என்பது விளங்கியிருக்கும். கைகல் ஓடையும் கௌண்டன்யாவும் ஒரே காட்டிலிருந்து பாலாற்றுப் படுகைக்கு நீர் அனுப்புபவை.

அந்தக் காடு இப்போது கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். 1990 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது, பரப்பு 357.6 சதுர கிலோமீட்டர். உயரமான பசுங்காட்டை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். இது வறண்ட இலையுதிர்க் காடும் முட்புதர்க் காடும் கலந்தது. உசிலை, வெக்காலி, மூங்கில், சந்தனம், வேல மர வகைகள், பாறையிடுக்குகளில் புல். மார்ச் மாதத்தில் காடு முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். ஓர் ஆற்றின் தலைப்பகுதியில் இப்படிப்பட்ட காடு இருப்பதன் மதிப்பைக் குறைத்து மதிப்பிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சோலைக்காடு என்றால் நீரின் தாய் என்று எளிதாக ஒப்புக்கொள்கிறோம். புதர்க்காட்டைத் தரிசு என்கிறோம். வருவாய்ப் பதிவேடுகளிலும் பேச்சிலும் அது வீணாகக் கிடக்கும் நிலம்.

இதை ஒரு சின்னக் கணக்கால் சரிபார்க்கலாம். கௌண்டன்யா மலையிலிருந்து இறங்கித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், மோர்தானா கிராமத்தருகே, அணை இருக்கிறது. அணையின் உயரம் 11.5 மீட்டர்; முழுக் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 740 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். இந்த நீரை எடுத்துச் சரணாலயத்தின் பரப்பு முழுதும் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான் வரும். சரணாலயம் முழுதும் இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் அடங்காது. வேறு படுகைகளுக்கும் அது நீர் தருகிறது. அளவு புரிவதற்காக மட்டுமே இந்தக் கணக்கு. இந்த வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 90 சென்டிமீட்டர். தொண்ணூறில் இரண்டே இரண்டு சென்டிமீட்டர் நீர் அணையை ஒரு முறை நிரப்பப் போதும் என்றால், மற்றது எங்கே போகிறது என்பதுதான் கானாற்றின் புவியியல்.

மற்றதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிறது, மரஞ்செடிகள் குடிக்கின்றன, மேட்டு நிலத்து ஏரிகள் பிடித்துவைக்கின்றன. கொஞ்சம் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி மாதக்கணக்கில் தாமதித்துக் கீழே ஊற்றாகக் கசிகிறது. காட்டின் வேலை இந்தப் பங்கீட்டைத் தீர்மானிப்பதுதான். புல்லும் சருகும் மூடிய சரிவில் மழைத்துளி மண்ணை நேரே தாக்குவதில்லை; நீர் நின்று நிதானித்து உள்ளே போகிறது. புதர் வெட்டி, தீ வைத்து, மேய்த்து மொட்டையாக்கிய சரிவில் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவந்து அணைக்குள் வண்டலாக அமர்கிறது. வண்டல் சேரச் சேர அணையின் உண்மையான கொள்ளளவு காகிதத்தில் உள்ளதைவிடக் குறையும். அணையின் ஆயுளைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் உசிலை மரமும் புல்லும் என்று சொன்னால் அது மிகையில்லை.

மழை வரும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழகக் கடலோரம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. வேலூர் வட்டாரம் அப்படியில்லை. இங்கே தென்மேற்குப் பருவத்தின் பங்கு பெரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை வேளைகளில் இடியுடன் வரும் மழை அது. இந்த மழை மண்ணை நனைக்கிறது, ஏரிகளில் கொஞ்சம் நீர் சேர்க்கிறது, ஆற்றில் பெரிதாக ஓடுவதில்லை. அக்டோபருக்குள் காட்டு மண் நனைந்து தயாராகிவிடுகிறது. அதன் பிறகு வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, கலையாமல் உள்நாட்டுக்கு வந்துவிட்டால், ஈரக்காற்று பீடபூமி விளிம்பில் மோதி மேலெழுந்து கொட்டித் தீர்க்கும். ஏற்கெனவே நனைந்த மண் இனி வாங்காது. அன்றைக்குத்தான் கானாறு மகாநதி ஆகும். 2021 நவம்பரில் நடந்தது இதுதான். 1903 நவம்பரிலும் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் பெருமழை கொட்டியது. அப்போது மைசூர் அரசின் பகுதியிலிருந்த பெரிய ஏரிகள் உடைந்து, நவம்பர் 12-இல் வாணியம்பாடியில் சுமார் இருநூறு பேர் உயிரிழந்தார்கள்.

மோர்தானா அணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அணை இது. கீழே ஜிட்டப்பல்லித் தடுப்பணையிலிருந்து வலது, இடது என இரு கால்வாய்கள் பிரிந்து, குடியாத்தம் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கு நீர் கொண்டு போகின்றன. நெல்லூர்பேட்டை பெரிய ஏரி அவற்றில் ஒன்று. பாசனப் பரப்பு எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். இந்த ஏற்பாட்டின் சிறப்பு, அணை வயலுக்கு நேராக நீர் தருவதைவிட ஏரிகளை நிரப்புவதையே முக்கிய வேலையாகக் கொண்டிருப்பது. ஏரி நிறைந்தால் சுற்றிலும் உள்ள கிணறுகள் ஊறும். கிணறு ஊறினால் அடுத்த கோடை வரை தென்னையும் வாழையும் கரும்பும் நிற்கும். "ஏரி கோடி போயிடுச்சு" என்று குடியாத்தத்துக் கிராமங்களில் ஒருவர் சொன்னால், அதில் அடுத்த இரண்டு போகத்துக்கான நிம்மதி இருக்கிறது. புதிய அணையைப் பழைய ஏரிகளோடு இணைத்த இந்த முறையை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டின் பல நீர்த்திட்டங்களுக்கு இது முன்மாதிரியாக இருக்கத் தக்கது. வரத்துக்கால்கள் தூர்ந்துபோனால் மட்டும் எல்லாம் வீண்.

ஆனால் இந்த அணையைக் குடியாத்தத்தின் வெள்ளக் காப்பாக எண்ணுவது ஆபத்து. நொடிக்குப் பத்தாயிரம் கன அடி நீர் வந்தால், துளி நீரில்லாமல் காய்ந்து கிடக்கும் மோர்தானாகூட ஏழேகால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். நவம்பரில் அணை காய்ந்து கிடப்பதுமில்லை. எனவே பெருவெள்ளம் அணையைத் தாண்டி அப்படியே நகருக்குள் வரும். 2021-இல் அப்படித்தான் வந்தது. நகரின் இரு பாதிகளை இணைக்கும் பாலங்களில் போக்குவரத்து நின்றது. கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அதே மழையில், நவம்பர் 19 அன்று, பக்கத்துப் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதம், திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டுபிடிக்கப்பட்டு ரயில்கள் நிறுத்தப்பட்டன.

குடியாத்தம் ஏன் ஆற்றுக்குள் இவ்வளவு இறங்கி வந்தது? ஊரோடு பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை. கைத்தறி லுங்கியும் தீப்பெட்டியும் பீடியும் வாழவைத்த ஊர் இது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்ற தொகுதி. வேலை தேடி வந்தவர்களுக்கு நகருக்குள் நிலம் கிடைக்கவில்லை. பல ஆண்டு வறண்டு கிடக்கும் ஆற்றங்கரை கிடைத்தது. வைகாசி முதல் நாள் கோபாலபுரத்தில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூடும் மக்களுக்கு இடம் தருவதும் இந்த ஆற்றங்கரைதான். மே மாதத்து ஆற்றைப் பார்த்து வீடு கட்டினார்கள். வெள்ளம் நவம்பர் மாதத்தது. 2021 வெள்ளத்துக்குப் பின் அதிகாரிகள் ஆற்றோர வீடுகளை அகற்றினார்கள். அகற்றியது சட்டப்படி சரி. ஆனால் அந்தக் குடும்பங்கள் அங்கே போனது ஆற்றைத் திருடும் ஆசையில் அல்ல. வெள்ளம் எதுவரை ஏறும் என்று கல் நட்டு, அதற்குள் யாரும் குடியேறாமல் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வது அரசின் கடமையாக இருந்தது. அந்தக் கடமை ஐம்பது வருடம் தாமதமாக, இடிக்கும் இயந்திரத்தோடு வந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அணையின் மறுபக்கத்தில் இன்னொரு குடியேற்றம் நடந்திருக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஆந்திரப் பகுதியில் காட்டு யானைகள் இல்லாமல் இருந்தன. 1980-களில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் காடுகளிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யானைக் கூட்டங்கள் கிழக்கே நகர்ந்து இந்த விளிம்புக் காட்டில் தங்கிவிட்டன. சரணாலயம் பிறந்ததே அவற்றுக்காகத்தான். அவற்றின் பாட்டையைத் தீர்மானிப்பது நீர். கோடையில் மேட்டு நிலத்து ஓடைகள் வற்றியதும் அவை கீழே இறங்குகின்றன. கீழே மோர்தானா நீர் இருக்கிறது, அதற்குச் சற்றுக் கீழே அந்த நீரில் விளைந்த கரும்பும் வாழையும் மாந்தோப்பும் இருக்கின்றன. குடியாத்தம், பேரணாம்பட்டு வனச்சரகங்களை ஒட்டிய ஊர்களில் இரவுக் காவல் வாழ்க்கையின் பகுதியாகிவிட்டது. பயிர் இழந்த உழவர் மின்வேலி போடுகிறார், யானை சாகிறது, சில நேரம் மனிதர் சாகிறார். இதை யானைத் தொல்லை என்று மட்டும் எழுதுவது சரியல்ல. காட்டு எல்லைக்கு நீரையும் அந்த நீரில் விளையும் பயிரையும் கொண்டுவந்த திட்டத்தின் கணக்கில் யானை சேர்க்கப்படவில்லை.

இந்தக் கானாறுகளின் நீரையும் காட்டையும் நம்பி வளர்ந்த இன்னொன்று தோல் தொழில். கௌண்டன்யாக் கரையில் தோல் தொழிற்சாலைகள் மிகுதியாக இல்லை. குடியாத்தம் நெசவு ஊராகவே நின்றது. ஆனால் மேற்கே ஒரு குன்று வரிசை தாண்டினால் மலட்டாற்றுப் பேரணாம்பட்டு. பாலாற்றோடு மேலே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. கீழே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்தப் பள்ளத்தாக்கில் தோல் தொழில் ஏன் வேர் பிடித்தது என்பதற்கு வணிகர் சமூகங்களின் திறமையைச் சொல்வார்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கி, பிறகு பள்ளத்தாக்கின் ஊடாக ஜோலார்பேட்டைக்கு நீண்ட ரயில் பாதையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. மூன்றாவது காரணம் நாம் பேசிவந்த இந்தப் புதர்க்காடு.

ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு ஆவாரம்பட்டையில் பதனிடப்பட்டது. ஆவாரை வறண்ட மேட்டிலும் காட்டோரத்திலும் தானாக வளரும் செடி. வெட்டி, பட்டை உரித்து, கட்டுக்கட்டாகத் தோல் ஷாப்புக்குக் கொண்டுவந்து விற்றது ஏழைக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள். இறுதி மெருகுக்குக் கடுக்காய். அது ஜவ்வாது போன்ற மலைகளிலிருந்து வந்தது. குழிகளில் தோல் வாரக்கணக்கில் ஊறியது. அதற்கு வேண்டிய நல்ல தண்ணீரைப் பாலாற்று மணல் தந்தது. அந்த மணல் சாதாரண மணல் அல்ல. மழைக்காலத்தில் கானாறுகள் கொண்டுவரும் நீரைக் குடித்து, கோடையில் மெல்ல விடும் நீர்த்தேக்கம் அது. உழவர்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, ஆறு காய்ந்த மாதங்களிலும் வயலுக்கு நீர் எடுத்துப்போனார்கள். ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர் வாரினார்கள். மலையில் பட்டை, ஆற்றில் நீர், நடுவில் தொழில். ஓர் எல்லை வரை இது தாங்கக்கூடிய ஏற்பாடாகவே இருந்தது. பட்டைக் கழிவும் நாறும், ஆனால் மண் அதைச் செரித்துக்கொள்ளும்.

1970-களில் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. நாட்டுக்கு அது வருமானம். ஆம்பூருக்குக் காலணித் தொழிற்சாலைகள், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம். அதோடு வந்தது, பட்டைக்குப் பதில் குரோமியத்தால் பதனிடும் குரோம் முறை. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளில் முடிந்தது, உற்பத்தி பெருகியது, காட்டுக்கும் தொழிலுக்கும் இருந்த உறவு அறுந்தது. ஆவாரை தேவையற்றதானதும், காடு எப்படி இருந்தால் என்ன என்ற நிலைக்குத் தொழில் போய்விட்டது. நீர் மட்டும் முன்னைவிடப் பலமடங்கு தேவைப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் குறிக்கப்பட்டபடி ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், கழிவுநீர் வெளியே.

அந்தத் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது இந்தப் பள்ளத்தாக்கை வைத்துத்தான். உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்ற ஆய்வு முடிவு அதில் இருக்கிறது. தொடர்ந்து அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. கிணறும் நிலமும் போன குடும்பத்துக்கு அது எதற்கும் போதாது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இந்த விஷயத்துக்கு வந்து, விடுபட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. சீர்கெட்ட சூழல் சரிசெய்யப்படும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றும் சொன்னது.

சூழல் சரியாவது என்றால் என்ன? இங்கேதான் நான் மறுபடியும் கானாற்றுக்கு வருகிறேன். பாலாற்றுப் பகுதியின் கேட்டைக் குரோமியம் என்ற ஒற்றைச் சொல்லில் பேசிப் பழகிவிட்டோம். குரோமியம் கொடியதுதான், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட அரசு ரசாயனத் தொழிற்சாலையின் வளாகத்தில் மலைபோல் கிடக்கும் குரோமியக் கழிவு இன்றும் அச்சத்துக்குரியது. ஆனால் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது உப்பு. சாதாரணச் சோற்றுப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் நாற்பது விழுக்காடு வரை உப்பு தடவுகிறார்கள். தோல் ஷாப்பின் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் சாக்கடையைத் தெளிய வைக்கும், குரோமியத்தைப் பிரிக்கும். கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. அது மண்ணுக்குள் போய்க் களிமண்ணின் கட்டமைப்பையே உடைக்கிறது. நிலம் கல்லாக இறுகுகிறது. நீர் இறங்காது, வேரும் இறங்காது. இப்போது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரே வெளிவராத முறைக்கு மாறியிருக்கின்றன. நீரை வடித்து, காய்ச்சி, உப்பைத் தனியே எடுக்கிறார்கள். எடுத்த உப்பை எங்கே வைப்பது என்பது வேறு தலைவலி.

புதிய உப்பு நின்றாலும் பழைய உப்பு நிலத்தடியில் இருக்கிறது. அதை வெளியேற்றத் தெரிந்த இயந்திரம் ஒன்றுதான்: நல்ல நீர், ஆண்டாண்டாக மணல் வழியாக இறங்கி, உப்பைக் கரைத்துக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போவது. 2021 வெள்ளம் அந்த வேலையைக் கொஞ்சம் செய்தது. நீர்மட்டம் ஏறி, கைவிட்ட கிணறுகளில் நீர் தெரிந்தது. அந்த நல்ல நீர் மேல் மாநிலத்திலிருந்து வருமா என்பது வழக்கு. கானாறுகளிலிருந்து வரும் என்பது இன்றைய நிலவரம். வேலூரின் பல ஊர்கள் இன்று மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கின்றன. குடிநீருக்கு அது பதில். உப்பேறிய மணலுக்கு மேட்டூரிலிருந்து குழாய் போட முடியாது.

எனவே ஒவ்வொரு கானாற்றிலும் எவ்வளவு நீரைத் தடுப்பது, எவ்வளவை விடுவது என்பது பள்ளத்தாக்கு முழுதுக்குமான கணக்கு. இந்தக் கணக்கை யார் போடுகிறார்கள்? 2019-இல் வேலூர் மூன்று மாவட்டமாகப் பிரிந்தது. மோர்தானாவும் குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூர் மாவட்டத்தில். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில். வாலாஜா அணைக்கட்டு ராணிப்பேட்டையில். கௌண்டன்யாவின் தலை ஆந்திரத்தில். கௌண்டன்யாக் காட்டில் வரும் தீயும் மேய்ச்சலும் ஆந்திர வனத்துறையின் விஷயம், அணை நம் நீர்வளத் துறையின் விஷயம், நகருக்குள் விழும் சாக்கடை நகராட்சியின் விஷயம், உப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விஷயம். ஆற்றுக்கு இப்படிப்பட்ட எல்லைகள் கிடையாது.

மலட்டாற்றில் பத்தலப்பல்லியில் அணை கட்ட வேண்டும் என்ற கோரிக்கை பேரணாம்பட்டில் பல காலமாக இருக்கிறது. குடிநீருக்குத் தவிக்கும் ஊரின் கோரிக்கை. அதை எளிதாகத் தள்ள மனம் வராது. மோர்தானா அனுபவம் அதற்குச் சாதகமாகவும் பேசும், எச்சரிக்கையாகவும் பேசும். ஏரிகளோடு இணைந்த அணை ஊருக்கு நல்லது. ஆனால் மலட்டாறு இறங்கிச் செல்வது தோல் தொழிலால் உப்பேறிய நிலத்துக்கு. கௌண்டன்யாவுக்கு உப்பைக் கழுவும் அந்தப் பொறுப்பு இல்லை. பேரணாம்பட்டுக்குக் கீழே மலட்டாற்று மணலைக் கழுவ வேறு நீர் இல்லை. ஜவ்வாது மலையடிவாரத்தில் நாகநதியில் வேறொரு வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓடைப் படுகைகளில் உறை இறக்கிய செறிவூட்டுக் கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்து, நீரைத் தேக்காமல் மண்ணுக்குள் இறக்கினார்கள். பலன் கிணறுகளில் தெரிந்தது. மலட்டாற்றில் அணையா, செறிவூட்டலா, இரண்டுமா என்று முடிவெடுப்பதற்கு முன், ஆண்டுக்கு எவ்வளவு நீர் அதில் ஓடுகிறது, அதில் எவ்வளவு பேரணாம்பட்டைத் தாண்டிப் பாலாற்று மணலை அடைந்தாக வேண்டும் என்ற இரண்டு எண்களையும் அளந்து மக்கள் முன் வைக்க வேண்டும். 2025 தீர்ப்பின்படியான குழுவின் முதல் வேலைகளில் ஒன்றாக இந்த அளவீடு இருப்பதே முறை. ஏனென்றால் 29,193 குடும்பங்களின் கிணறுகளில் என்றாவது இனிப்புத் தண்ணீர் ஊறவேண்டுமானால், அது இந்தக் கானாறுகளின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.